எதிர்ப்பக்க நாற்காலி

மார்ச் 8, சனி

நானா? டாரட் கார்டா? இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள், இன்று லெபோ ஆர்மீனியன் தெருவில் ஒரு மாடிப்படி ஏறி, கார்டு வைத்துக் குறி சொல்லும் ரமணி என்கிற பெண்ணின் முன்னால் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகள் மிதுஷாவிடம் சொல்லவில்லை. சிரிப்பாள்.

வேறு யாரிடம் போய்க் கேட்பது? ஸ்ரீகரன் அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. என்னுடையது பொருந்துகிறதாம். கொடுக்கிறேனா இல்லையா என்று பதினேழாம் தேதி டாக்டரிடம் சொல்ல வேண்டும். அண்ணா கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு வராமல், பதினோரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, என் கணவர் இறந்த அன்றுதான் வாசலில் வந்து நின்ற மனிதர். எந்த வாயால் கேட்பார்?

ரமணி மூன்று கார்டுகளை வைத்தாள். முதலாவது நான், நடுவில் என் தடை, மூன்றாவது வழி. வாள்களோடு படுத்திருக்கும் ஒருவன். ஒரு காலை மடக்கிக்கொண்டு ஒருவன். இரண்டு கோப்பைகளோடு ஒரு தேவதை. மூன்றுமே தலைகீழ். அர்த்தம் சொல்வாள் என்று பார்த்தால், "போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. ஒரு வாரம் பாருங்க. அவசரப்படாதீங்க லா" என்கிறாள்.

ஆனால் அந்தப் படுத்திருப்பவன்! ஆபரேஷன் மேசை என்று நான் வாயே திறக்கவில்லையே. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

போனில் தேடிப் படித்தேன். தலைகீழாக விழுந்தால் அர்த்தமும் மாறுமாம். முதலாவது: ஓய்வெடுத்தும் தேறாத உடம்பு. நடுவில்: வீண் தியாகம். மூன்றாவது: அளவு கெட்டுப்போவது. போட்டோவில் தேவதையின் கோப்பைகளிலிருந்து தண்ணீர் எங்கோ கொட்டிக்கொண்டே இருக்கிறது.

வீண் தியாகம். இதற்கு மேல் எப்படிச் சொல்லும்?

மார்ச் 12, புதன்

முடியாது என்றே சொல்லப் போகிறேன். பல நாளைக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

முடிவெடுத்த பிறகும் ரமணியிடம் போனேன். நீ செய்வது சரி என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே, அதற்காக.

அவள் போட்டோவைப் பார்த்தாள். போனை மேல்கீழாகத் திருப்பி வைத்தாள்.

"நான் கார்டு வைக்கிறது என் பக்கம் பார்த்துக்கா. நீங்க எனக்கு எதிர்ல உக்காந்திருந்தீங்க. மூணும் நேராத்தான் வந்துச்சு."

எனக்குக் காது சுட்டது. படத்தின் இடது பக்கம் தெரிவது நோயாளியின் வலது பக்கம். புதிதாக வரும் பிள்ளைகளை இதற்காக எத்தனை முறை திட்டியிருப்பேன்! எதிரில் நிற்கிறோம் என்பதை மறந்தால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். நானே!

திருப்பிய படத்தைப் பார்த்தேன். நடுவில் இருப்பவன் தலைகீழாகத் தொங்குகிறான்; நேராக வைத்தால் அந்தக் கார்டின் படமே அப்படித்தானாம். முகத்தில் வலியே இல்லை. தலையைச் சுற்றி ஒளி. தேவதை நிமிர்ந்து நின்று ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகிறது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு! வெறும் அட்டைதான், தெரியும். கும்பிடத் தோன்றியது.

ரமணி மெதுவாகக் கேட்டாள்: "படத்தைப் பார்த்துட்டு வேணாம்னு முடிவு பண்ணீங்களா, இல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டுப் பார்த்தீங்களா?"

இங்கே மட்டும் எழுதுகிறேன்: இரண்டாவதுதான். எனக்குப் பயமாயிருக்கு. அதான் நிஜம். செத்துப்போயிட்டா மிதுவ யாரு பார்ப்பா?

மார்ச் 16, ஞாயிறு

ஆயர் ஈத்தாமில் அண்ணாவின் பிளாட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் செய்த கை வீங்கியிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. தாகம் தாங்க ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அது கரையும் வரை உட்கார்ந்திருக்கிறார்.

"டாக்டர் உங்கிட்ட பேசிட்டாரா? வேணாம் புஷ்பா. மிதுவுக்கு நீ மட்டுந்தான் இருக்க."

இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "பதினோரு வருசம் ஏன்ணா பேசல?"

வாயில் மிச்சமிருந்த ஐஸை விழுங்கினார். பிறகு, "மொத வருசம் கோபம். மத்த பத்து வருசமும் வெக்கம் லா."

பத்து வருடம்! வெட்கம்! என்னை வெறுக்கிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேனே, கடவுளே. ஒரே தீவில், இருபது நிமிடத் தூரத்தில்.

மார்ச் 17, திங்கள்

டாக்டரிடம் சரி என்றேன். கார்டு சொன்னதற்காக இல்லை; அந்தப் பத்து வருடத்துக்காக. பயம் அப்படியேதான் இருக்கிறது. மிதுவிடமும் சொன்னேன்; நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. ராத்திரி தலையணையோடு என் அறைக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

ஜூலை 24, வியாழன். கோலாலம்பூர், ஆஸ்பத்திரி

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது. நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

நேற்று என் சிறுநீரகத்தை எடுத்து அண்ணாவுக்கு வைத்துவிட்டார்கள். இன்று காலை நர்ஸ் காமாரியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மலாயில் சொன்னாள், ஆபரேஷன் மேசையிலேயே அண்ணாவுக்குச் சிறுநீர் வந்துவிட்டதாம். எத்தனை மில்லி என்றேன். "அதை ஏன் கேட்கிறீங்க அக்கா, ராத்திரி முழுக்கப் பை மாற்றிக்கொண்டே இருந்தோம்" என்று சிரித்தாள்.

எத்தனை ஆயிரம் பேருடைய சிறுநீரகத்தைப் படத்தில் பார்த்திருப்பேன். நாற்பத்தாறு வருடம் எனக்குள் இருந்த ஒன்று நான்கு அறை தள்ளி என் அண்ணாவுக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறது. அழுகை வந்துவிட்டது. அடுத்தவர் மூத்திரத்துக்காக இப்படி அழுதவள் மலேசியாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழ அழத் தையல் வலிக்கிறது. வலிக்கட்டும்.