கவிழ்ந்ததைச் சொல்லவில்லை

ஐப்பசி 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது. எனக்கு எழுத்து தெரியாது. மகன் சொல்லிக்கொடுத்தபடி போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

எட்டரைக்கே சம்பந்தி. மருமகள் மாலதியின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன். வீடு இரண்டு தெரு தள்ளி, குடியிருப்பு இங்கே. ஐந்து மாதப் பேரன் முன்னால் துண்டால் முகத்தை மூடி, விலக்கி, "கூக்கூ!" பிள்ளைக்குக் கெக்கே கெக்கே என்று சிரிப்பு. அதே துண்டு, அதே கூக்கூ, நான் செய்தால் உதட்டைப் பிதுக்கி அழுகை.

"உங்க மீச பயமுறுத்துது போல, சம்பந்தி." சொன்னவருக்குப் பல் முழுக்கத் தெரிந்தது.

முப்பத்தைந்து வருஷம் பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை இறக்கினேன். என் மகன் முதலில் குப்புறக் கவிழ்ந்ததைப் பார்க்கவில்லை. வீடு திரும்பினால் தட்டில், பிள்ளை கவிழ்ந்தால் செய்கிற கொழுக்கட்டை. அதை வைத்துத்தான் தெரிந்தது. அன்று வஞ்சிரம் பதினெட்டு கூடை. அது ஞாபகமிருக்கிறது.

செவ்வாய்
கொஞ்சம் வெயில். மாலதி குளிக்கப் போயிருந்தாள். பிள்ளையைப் பாயில் விட்டு, ஊசி போடுகிற நர்ஸம்மா சொன்னபடி கிலுகிலுப்பையைக் கைக்கு எட்டாமல் ஆட்டினேன். ஒருக்களித்தான். முக்கினான். கால் மேலே வந்தது. கவிழ்ந்துவிட்டான்! தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அழவில்லை. என்னைப் பார்த்து அழவில்லை.

வாசலில் சம்பந்தி ஸ்கூட்டர். சட்டென்று பிள்ளையை மல்லாக்கத் திருப்பிப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இது ஒன்றாவது எனக்கு மட்டும்.

வியாழன்
அடைமழை. தடுப்பூசி.
"கவுந்துக்கிறானா?" என்றாள் நர்ஸம்மா.
"இன்னும் இல்ல சிஸ்டர்" என்றாள் மாலதி.
"பரவால்ல, வெளையாட்டு காட்டுங்க. அடுத்த தரம் பாப்போம்."

பரவாயில்லை என்றுதான் சொன்னாள். மாலதி முகம் செத்துவிட்டது. மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, "எம்புள்ளைக்கு ஏதாவது கொறயா இருக்குமா மாமா?"

தட்டை வைத்துவிட்டுக் கிலுகிலுப்பையை எடுத்தேன். சம்பந்தி பாயில் குப்புறப் படுத்து, "அலே! அலே!" என்று பிரெஞ்சில் கிளப்பியபடி தரையைத் தட்டுகிறார். பிள்ளை விரல் சூப்புகிறது. இரண்டு நாளாக ஒரு தரம்கூடக் கவிழவில்லை, படுபாவிப் பயல்.

வெள்ளி
மழை விட்டது. சொல்லிவிட்டேன். காப்பி கொண்டுவந்தவளிடம், அவள் அப்பா முன்னாலேயே.
"செவ்வாக்கெழமயே கவுந்துட்டாம்மா. நாந்தான் திருப்பிப் போட்டேன்."
"ஏன் மாமா?"


சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஞாயித்துக்கெழம பாத்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நானும் திருப்பிப் போட்டுட்டேன்."

மாலதி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பெருசும் சேந்து என்னைக் கொன்னுட்டீங்களே!" சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கொழுக்கட்டைக்கு அரிசி ஊறவைக்க உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமையாம். அன்று மத்தியானம் அரை மணி நேரம்தான் கண்ணசந்தேன்.