மாமா சொன்னால் ஊசி போட்டுக்கொள்வாளாம்

அன்புத் தம்பி சீனுவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வேறு எதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது பாதிச் சண்டையில் பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடிவிடுவாய். இப்போது எங்கே ஓடுவாய்?

உன் மருமகள் தர்ஷினி நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். காலையில் அவள் பள்ளிக்கூடத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். உனக்கிருந்த அதே வீசிங் அவளுக்கும் இருக்கிறது. இந்த மழைக்கே இரண்டு முறை இரவெல்லாம் மூச்சு இழுத்தாள். அவளுக்குக் கட்டாயம் போடச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அவளோ மாட்டேன் என்கிறாள். கேட்டால், "மாமா வேணாம்னு சொல்லியிருக்காரு." நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் இன்னும் உன் பேச்சுதான் செல்லுபடியாகிறது.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஒரு நர்ஸம்மா வந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அம்மாக்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில், முட்டி இடிக்க, நானும் உட்கார்ந்திருந்தேன்.

"ஃப்ளூ எப்படி வருது? சொல்லுங்க பாக்கலாம்."

"ஐஸ் சாப்ட்டா வரும் மிஸ்!"

"மழையில நனைஞ்சா!"

"ஃப்ளூன்னா சளிதான் மிஸ். இங்கிலீஷ்ல சொன்னா ஃப்ளூ."

"எங்கப்பா மாத்திர வாங்கியாந்து ரெண்டு நாள்ல போயிடுச்சி மிஸ். மீதிய அடுத்த வாட்டிக்கு எடுத்து வெச்சிருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்து நர்ஸம்மா தடுப்பூசி என்ன செய்யும் என்று கேட்டார். உன் மருமகள் கையைத் தூக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, தெரியுமா? எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்:

"ஊசிக்குள்ளதான் காய்ச்சல் இருக்குது மிஸ். போட்டா செத்துடுவாங்க. எங்க மாமாவுக்குப் போட்டாங்க, அன்னைக்கே செத்துட்டாரு."

உடனே முன்வரிசையில் ஒரு பையன், "எனக்கு வேணாம் மிஸ்" என்று அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

நர்ஸம்மா பொறுமைசாலி. ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூவைக் கொண்டுவர முடியாது என்றார். கை வலிக்கலாம், ஒரு நாள் உடம்பு கதகதவென்று இருக்கலாம், அவ்வளவுதான். விட்டாளா இவள்?

"செத்த கிருமி எப்படி மிஸ் சண்ட போடும்?"

"அது சண்ட போடாதுடா கண்ணு. அத வெச்சி உன் உடம்பு சண்ட போடக் கத்துக்கும். நெஜக் கிருமி வரும்போது அடையாளம் தெரியும்ல?"

அதற்குமேல் இவள் கேட்கவில்லை. ஆனால் பள்ளி வாசலில் அம்மாக்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம்மா, படிச்சவ நீ. உன் பொண்ணே இப்படிச் சொல்லுது, நாங்க எதை நம்பி ஊசிக்குக் கையெழுத்துப் போடுறது?" எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் பாண்டியில் அந்த டாக்டர் உன்னையும் அவளையும் சேர்த்துத்தான் சொன்னார், இரண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று. நீ பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தாய். "அக்கா, உப்புத் தண்ணியில நிக்கிறவனுக்குச் சளி பிடிக்குமா? இவனுங்க ஊசியிலயே காய்ச்சல வெச்சி அனுப்புறானுங்க. வா, பரோட்டா சாப்புடலாம்." பக்கத்தில் உன் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வந்தாள். அவளுக்குக் காது இல்லையென்று நினைத்தாயா? நீ காய்ச்சலோடு மூன்று நாள் பாத்தியில் உப்பு வாரினாயே, அது யார்மேல் இருந்த வீம்பு? நாலாம் நாள் நெஞ்செல்லாம் சளி கட்டின பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த ஊசிதான் உன்னைக் காப்பாற்றும்?

நேற்று அவள் பையைத் துழாவினேன். பென்சில் டப்பாவுக்குள் கல்லுப்பு. உன் பாத்தியில் வாரியதாம், நீ கொடுத்ததாம். ஆளுக்கொரு கல் கொடுத்துச் சப்பச் சொல்லியிருக்கிறாள். "இது சப்புனா ஃப்ளூ வராது, எங்க மாமா மருந்து." பாதி வகுப்பு சப்பியிருக்கிறது. ஒரே டப்பாவில், மூக்கொழுகும் கையெல்லாம் விட்டு! கிருமிக்கு இதைவிட நல்ல வண்டி வேண்டுமா? அந்த டப்பாவைத் தூக்கித் தெருவில் எறிந்தேன்.

"அது மாமாது!" என்று கத்தினாள்.

"உங்க மாமா முட்டாள்டி! ஊசி போட்டதால சாவல, போடாததால செத்தான்!"

"நீதான சொன்ன? டாக்டர் ஊசி போட்டாரு, மாமா தூங்கிட்டாருன்னு நீதான சொன்ன!"

சீனு, நான் சொன்னதுதான். ஆஸ்பத்திரி வாசலில், என் முந்தானையைப் பிடித்து "மாமா எங்க?" என்று அவள் கேட்டபோது வாயில் வந்தது அது. அவள் பயந்துவிடக் கூடாதென்று சொன்னேன். நீ பாதிப் பொய் சொன்னாய், நான் மீதியைச் சொல்லி முடித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒட்டி அவள் வகுப்புக்கே பாடம் எடுத்திருக்கிறாள். அதனால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டதென்று நினைக்காதே. கூடியிருக்கிறது. இரண்டு பேர் செய்த தப்புக்கு நான் ஒருத்தி மட்டும் அவள் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே!

சாயங்காலம் தெருவில் இறங்கி, சேற்றில் கிடந்த டப்பாவை எடுத்துக் கழுவி அவளிடம் கொடுத்தேன். உப்பு கரைந்து போயிருந்தது. மாமா தூங்கவில்லை, செத்துப்போனான் என்று இந்த முறை கத்தாமல் சொன்னேன். ஃப்ளூவால் செத்தான், அந்த ஊசி வேறு, இந்த ஊசி வேறு, அம்மா அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். டப்பாவை ஒரு முறை திறந்து மூடினாள்.

"காது குத்தும்போது மாமா மடியிலதான உக்காந்தேன்?"

"ஆமாம்."

"வலிக்கும்னு மாமா முன்னாடியே சொல்லிட்டாரு. நீ வலிக்காதுன்னு சொன்ன. மாமாவக் கேட்டுச் சொல்லு, போட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது கொர்கொர் என்று மூச்சு கேட்கிறது. அதை எண்ணிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

காலையில் நானும் பள்ளிக்குப் போவேன். கேட்கிற பெரியவர்களுக்கும் போடுவார்களாம். முதலில் என் கையை நீட்டுவேன், அவள் பார்க்கட்டும். பிறகு அவளை என் மடியில் உட்காரவைத்து, வலிக்கும் என்று சொல்வேன். இனி அவளிடம் செத்ததைத் தூங்கியதென்று சொல்ல மாட்டேன், இது உனக்கு என் வாக்கு. அந்த அம்மாக்களிடமும் போய், என் பொண்ணு சொன்னது தப்பு, சொல்லிக் கொடுத்தது நாங்கள் என்று சொல்வேன்.

ஆனால் எழுந்ததும் முதலில் அவள் என்னிடம் கேட்கப்போவது வேறு. "மாமா என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பாள். உன் பெயரில் இன்னொரு பொய்யை என்னால் சொல்ல முடியாது. அவள் கனவிலாவது போய் நீயே சொல், டேய். அவள் ஆறரைக்கு எழுந்துவிடுவாள். அதற்குள் பதில் போடு.

உன்மேல் தீராக் கோபத்தோடு,
உன் அக்கா