இரண்டு வரிசை மேலே

ஆகஸ்ட் 27

ரொட்டிக் கடை வாசலில் வைத்துத்தான் மேயர் தியெரி சொன்னார். மழை வருமா என்று கேட்கிற சாவகாசத்தோடு. "அர்லெத், இந்த வருஷம் பாரம்பரிய நாளுக்கு வர்றவங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டுறதை கொரன்தீன் பார்த்துக்கட்டும். நீங்க பிளம்ஸ் கேக் மட்டும் செஞ்சு கொடுங்க, போதும்."

பத்தொன்பது வருஷம் நான் காட்டிய ஊர். மாதா கோயில் சாவி இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் லியோன் நகரத்திலிருந்து வந்து ஆற்றோரம் வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. அதற்குள் எல்லோருக்கும் "நம்ம கொரன்தீன்". நான் இங்கேயே பிறந்தவள், அறுபத்து மூன்று வயது, இன்னும் கொத்தனார் மகள்தான்.

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா? அடங்கவில்லை.

ஆகஸ்ட் 30

சாவி கேட்டு வந்தாள். தொலைந்துவிட்டது என்றேன். மாவு டப்பாவுக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 4

ஆற்றங்கரைச் சலவைக் கொட்டகைச் சுவரில் வெள்ளக்குறிகளை அளந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, என் தலைக்கும் மேலே, 1856 என்று வெட்டிய கல், அந்த வருஷம் தண்ணீர் ஏறிய உயரம். அதன் பக்கத்தில் பலகை மாட்டப் போகிறாளாம்: "இந்த ஆற்றோரத்திலேயே மிக உயரமான வெள்ளக்குறி."

அந்தக் கல்லின் கதை எனக்குத் தெரியும். எதிரே பூயார் ஊர்க்காரர்களுக்குப் பள்ளமான கரை. அதே வெள்ளத்துக்கு அவர்கள் குறி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். எங்கள் குறி தோள் அளவுதான். ஒவ்வொரு திருவிழாவிலும் கேலி: "உங்க ஊர்ல வெள்ளம் குளிக்கத்தான் காணுமா?" 1971இல் சுவரைப் பிரித்துக் கட்டும்போது அப்பா அந்தக் கல்லை இரண்டு வரிசை மேலே வைத்துவிட்டார். எனக்கு எட்டு வயது. சாந்து வாளி எடுத்துக் கொடுத்தது நான்தான். பத்தொன்பது வருஷமாக அந்தப் பொய்யை ஊருக்கெல்லாம் சொன்னதும் நான்தான்.

அவளிடம் சொல்லலாமா? எதற்கு? மாட்டட்டும் பலகையை. பூயாரிலிருந்து லான்தியே என்ற பழைய சாலை எஞ்சினியரை அவளே அழைத்திருக்கிறாள். அவர் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை.

செப்டம்பர் 11

செய்தித்தாளில் அவள் படம். பக்கத்தில் பலகை. பின்னால் என் அப்பா கட்டிய சுவர். அப்பாவின் பெயர் ஒரு வரிகூட இல்லை.

செப்டம்பர் 19

சாயங்காலம் கொரன்தீன் மூன்று முறை கதவைத் தட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தேன், கையில் ஏதோ பழைய தாள். நான் திறக்கவில்லை. கேக் அடுப்பில் இருந்தது, அதுதான் காரணம். இல்லை, அது காரணம் இல்லை.

செப்டம்பர் 20

பாரம்பரிய நாள். நன்றாகத்தான் பேசினாள், பாவி. நான் கொட்டகைப் பக்கத்தில் கேக் மேசைக்குப் பின்னால் நின்றேன். கொட்டகைக்கு வந்ததும் லான்தியே தன் மட்டக் கருவியை நிறுத்தி எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "எங்க குறியை விட உங்களுது நாப்பது சென்டிமீட்டர் மேல இருக்கு, மதாம். அன்னிக்கு ஆறு சாய்ஞ்சு ஓடிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன்? கேக்கைத் தேவைக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் முகம் சிவந்தது. "தப்பு என்னோடது. நான்தான் சரியா விசாரிக்கல" என்றாள். பலகையைத் தானே கழற்றினாள். மேயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்தாள். அந்தத் தாளை நீட்டினாள். 1971 வேலைக் குறிப்பு, ஊர் அலுவலகத்துப் பழைய காகிதக் கட்டுக்குள் கிடைத்ததாம். "கல் இரண்டு வரிசை மேலே." கீழே அப்பாவின் கையெழுத்து.

"நேத்து இதைத்தான் கொண்டு வந்தேன், மதாம் அர்லெத்."

"அப்போ எல்லார் முன்னாலயும் ஏன் சொல்லல?"

"அவர் உங்க அப்பாவாச்சே. நீங்க சொல்ல வேண்டியது, நான் எப்படிச் சொல்றது?"

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாக அழுகிறேன். கோபத்தில்தான். ஊரை எடுத்துக்கொண்டாள், பாரம்பரிய நாளையும் எடுத்துக்கொண்டாள். கடைசியில் எங்க வீட்டுப் பொய்யைக்கூட அவளே எடுத்துக்கிட்டா. எனக்குன்னு என்னதான் மிச்சம் வைப்பா இவ?

செப்டம்பர் 26

ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அப்பா வைத்தார், நான் சாந்து கொடுத்தேன் என்று. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். நானும்.

அக்டோபர் 17

கல்லை இறக்கினார்கள். எவ்வளவு கீழே என்று கொத்தனார் கேட்டதற்கு என் தோளைத் தொட்டுக் காட்டினேன். சாந்து வாளியைக் கொரன்தீன் பிடித்துக்கொண்டாள், சட்டையெல்லாம் பாழ். அப்போதும் அழகாகத்தான் இருந்தாள். எரிச்சல்.

மத்தியானம் மாவு டப்பாவைத் திறந்தேன். சாவியைத் துடைக்கவில்லை. மாவோடேயே கொண்டுபோய் அவள் கையில் வைத்தேன். ஒட்டிய மாவை அவள் பாழான சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.