மேடு மறைத்த காற்று

ஆடி, செவ்வாய்க்கிழமை

ஊரார் சங்கமாகச் சேர்ந்து போட இருந்த காற்றாலைத் திட்டம் இன்று நின்றுபோனது. காரணம் நான்தான்.

பள்ளிக்கூட மாடியில் காற்றின் வேகம் அளக்கும் கருவியை வைத்து, இரண்டு வருடமாக நாள் தவறாமல் குறித்து வந்தேன். இந்த ஆனியில் வேகம் போன ஆனியில் இருந்ததில் பாதிகூட இல்லை. கோளாறு கருவியில் இருக்கும், இல்லையென்றால் என் கண்ணில் இருக்கும் என்று நினைத்தேன். எண்ணெய் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் போன வருட வேகத்தை மட்டும் எழுதினேன். அதை நம்பி மேய்ச்சல் நிலத்தில் குழி தோண்டிவிட்டார்கள்.

இன்று பள்ளிக்கூட மாடியில் நடந்த கூட்டத்தில் சங்கத் தலைவி செல்வமணி எழுந்தார். “ஆடிக் காத்து எங்க வூட்டு கூரையப் பிச்சிகினு போவும் சார். இந்த வருசம் கொடியில துணிகூட ஆடல. உங்க மெஷினு ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லிச்சும்மா. மெஷின்தான் ரிப்பேரோன்னு...”

“மெஷின நம்பல, சரி. எங்களயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

பின்வரிசையில் ஒருவர், “அந்த மேட்டு மேல நட்டுடலாங்க, காத்து அங்கதான் நிக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். தென்மேற்கே சுரங்கத்து மண்மேடு இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடத்தைவிட உயர்ந்து, காற்றை மறைத்து நின்றது. ஓய்வு பெறும்வரை, சுரங்கத்து சர்வே பிரிவில் இருந்த காலமெல்லாம், அந்த மேட்டின் உயரத்தை அளப்பதுதான் என் வேலை.

செல்வமணி கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “எண்ணெ நல்லா போட்டிருக்கீங்க சார்.”

இப்போது சுரங்கத்தில் மகனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில், என் மேசைமேல் அந்தக் கருவி இருக்கிறது. ஃபேன் காற்றில் நன்றாகச் சுற்றுகிறது.