நீ மெலிந்துகொண்டே போனாய்

பத்து நாளைக்கு முன் மகள் வாங்கிவந்த ஆப்பிள்களைக் கூடையிலேயே மறந்துவிட்டேன். இன்று காலை சமையலறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. பழம் கனிந்து, கனிவையும் தாண்டி, புளிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த வாசனை. கூடையை அப்படியே தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். "பழந்தானம்மா அழுகியிருக்கு, அதுக்கு ஏன் இப்படி வேர்க்கு ஒங்களுக்கு?" என்று மகள் கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் அது வெறும் கதையாகிவிடும்.

நம் இரண்டு பேருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் அடுத்தடுத்த மேசைகளில் டைப் அடித்துக்கொண்டிருந்தோம். நீ மடவார் வளாகத்திலிருந்து நடந்து வருவாய், நான் தேரடிப் பக்கமிருந்து வருவேன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம். சாயங்காலம் திரும்பி இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய் நூறு கிராம் பால்கோவா வாங்குவாய். சூடு ஆறியிருக்காது. காகிதத்தில் நெய் கசிந்திருக்கும். "ஏட்டி, கோவாவ மெல்லக் கூடாது. நாக்குல வச்சிட்டுச் செத்த நேரம் பேசாம இருக்கணும்" என்பாய். அந்தச் செத்த நேரம் மட்டும்தான் நீ பேசாமல் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

தை மாதம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். செட்டியார்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை போலீஸில் இருந்தார். உன் அப்பா இல்லாததால் மாமாதான் முன்னால் உட்கார்ந்து பேசினார். நான் உன் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அக்கா, உன் வீட்டுக் கோவாவைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டே சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. வைகாசியில வச்சிக்கிடுவோம். அதுக்குள்ள கொஞ்சம் ஒடம்பக் கொறைச்சா அவியளுக்குச் சோடியா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர்கள் போன பிறகு கண்ணாடி முன் நின்று, கையின் மேற்பகுதியை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் சாயங்காலம் வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் என் தலையில் கை வைத்தாய். "வைகாசி வரைக்கும் இனிப்பத் தொட மாட்டேன். ஒம் மேல சத்தியம்" என்றாய். எனக்குத் திக்கென்றது. "எந்தலை எதுக்குட்டி? ஒந்தலையில வச்சுக்க வேண்டியதுதான" என்றேன். "எந்தலைன்னா நான் மீறிருவேன். ஒந்தலைன்னா பயம் இருக்கும்" என்றாய்.

முதல் மாதம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மில்லில் யாருக்கோ பிள்ளை பிறந்து லட்டு வந்தது. உன் பங்கை என் மேசையில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யைக்கூட முந்தானையில் துடைத்தாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைகளைத் தாண்டுவாய். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மடியில் நாலு பெட்டி கோவா. அரை மணி நேரமும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்து, இறங்கியதும் என் தோளில் சாய்ந்து அழுதாய். கோவாவுக்காக ஒருத்தி அழுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சனிக்கிழமை தோறும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இருந்த எடை மெஷினில் ஏறுவாய். விளக்கு மினுங்கி, சக்கரம் சுற்றி, அட்டை விழும். முதல் அட்டை எழுபத்திரண்டு. மாசி முடியும்போது அறுபத்தொன்பது. அட்டைகளை நான்தான் என் பர்ஸில் வைத்துக்கொள்வேன். உன் எடைக்கு நான்தான் காவல்.

பங்குனியில் எடை வேகமாக இறங்க ஆரம்பித்தது. அறுபத்தைந்து. அடுத்த வாரம் அறுபத்து மூன்று. பிறகு அறுபது. அட்டை விழும்போதெல்லாம் நாம் இரண்டு பேரும் கைதட்டினோம். ஆபீசில் எல்லோரும் என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார்கள். ஜாக்கெட்டுகளை உள்ளே பிடித்துத் தைத்தாய். பத்து நாளில் அதுவும் தொளதொளத்தது. நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? என் தலையில் அடித்துச் செய்த சத்தியம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மில்லில் தண்ணீர் எடுத்து வைக்கிற அக்கா ஒருநாள் நம் மேசைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். "எம்புட்டுத் தூக்கியாந்து ஊத்துனாலும் இந்தப் பானை பத்து மணிக்கே காலியாயிருது. யாரு குடிக்கா?" என்றாள். நீ டம்ளரை மேசைக்கடியில் வைத்தாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாப்பா, இது மெலியிற மாதிரி தெரியல. உருகுற மாதிரில்லா இருக்கு" என்றாள். அவள் போன பிறகு நான் அவளைக் கேலி செய்து நடித்துக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. வேலை நடுவில் ஐந்தாறு முறை எழுந்து பின்பக்கம் போவாய். மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக உன்னைப் பார்ப்பார். நீ அடித்த கடிதங்களில் பிழை வர ஆரம்பித்தது. "எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியிது" என்றாய். பஸ்ஸில் கெண்டைக்கால் இழுக்கிறது என்று நீவிவிடச் சொன்னாய். உன் அம்மாவும் ஒருநாள் என்னிடம் கேட்டார்கள்: "ஏம்மா, இவ சோறெல்லாம் நல்லாத்தான் திங்கா. பொறவு ஏன் மூஞ்சி இப்படி வத்திப்போச்சு? டாக்டர்ட்டக் காட்டுவமா?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கொழுப்பு கரையிதுல்லா அத்தை, அப்படித்தான் இருக்கும். கல்யாணம் முடிஞ்சதும் தேறிருவா." படித்த பெண், ஆபீசில் வேலை பார்க்கிறவள், எனக்குத் தெரியும் என்று அத்தை நம்பிவிட்டார்கள்.

சர்க்கரை நோய் என்றால் அப்போது நமக்கு வயதானவர்களின் வியாதி. இன்று விரலில் ஒரு குத்து, நிமிஷத்தில் கணக்குத் தெரிந்துவிடுகிறது. என் பேரப்பிள்ளை "தண்ணி" என்று இரண்டாம் முறை கேட்டாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. சாயங்கால பஸ்ஸில் நீ என் தோளில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தாய். மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சில் வாசனை வந்தது. பழ வாசனை, இனிப்பு வாசனை. முதலில் யாரோ பை நிறையப் பழம் வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரிடமும் எதுவும் இல்லை. குனிந்து உன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன்.

"என்னத்தட்டி தின்ன?"

நீ கண்ணைத் திறந்தாய். "ஒண்ணும் திங்கலையே."

"பொய் சொல்லாத. ஒன் வாயில இனிப்பு மணக்கு."

"சத்தியமாத் திங்கலட்டி. வயித்தப் பெரட்டிக்கிட்டு வருது, நான் எங்க திங்க?"

"இன்னொரு சத்தியமா? எந்தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணிட்டுத் திருட்டுத்தனமாத் திங்க. கேட்டா எம் மூஞ்சிக்கு நேராப் பொய் சொல்லுத. நான் செத்தா ஒனக்கென்ன?"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் கையைப் பிடித்தாய். உன் கை சுட்டது, காய்ந்த இலை மாதிரி இருந்தது. நான் உதறிவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டேன். இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நீ என்னைக் கூப்பிட்டாய். ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாய். மறுமுறை கூப்பிட உனக்கு மூச்சு இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

செவ்வாய், புதன், வியாழன், நீ வேலைக்கு வரவில்லை. கோபத்தில் கிடக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடவார் வளாகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மூன்று சாயங்காலமும் அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். பானைத் தண்ணீர் மட்டும் ஆபீசில் அப்படியே இருந்தது. அது ஏனோ எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பார்க்காமல் டைப் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தார். உன் மாமா பேசினார். "ராசபாளையத்துலதான் ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். பேச்சு மூச்சு இல்ல. நீ செத்த வா தாயி, டாக்டரு என்னென்னமோ கேக்காரு."

ஓடினேன். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, எழ முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். டாக்டர் என்னிடம் கேட்டார்: "எத்தனை நாளா எடை குறையுது?" நான் பர்ஸைத் திறந்து எடை அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைத் தேதி வாரியாக மேசையில் வரிசையாக வைத்தார். கடைசி அட்டையில் ஐம்பத்தைந்து.

"தண்ணி நிறையக் குடிச்சாங்களா?"

"ஆமா சார்."

"வாயில பழ வாசனை மாதிரி வந்ததா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சர்க்கரை முத்திப்போயிருக்கும்மா. ரத்தத்துல சர்க்கரை இருக்கு, ஆனா அத எடுத்துக்க உடம்புக்கு வழியில்ல. அதான் தன்னோட கொழுப்பையும் சதையையும் தின்னுருக்கு. அப்படி ஆகும்போது மூச்சுல அந்த வாசனை வரும்." பிறகு மெதுவாகச் சொன்னார், "இனிப்புத் தின்னு வந்ததுன்னு நினைக்காதீங்க. தின்னாலும் தின்னாட்டாலும் வந்திருக்கும்."

உள்ளே உன்னைப் பார்த்தேன். கட்டிலில் எவ்வளவு குறைந்த இடத்தில் கிடந்தாய். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு மேலேயே மெலிந்திருந்தாய். மூச்சு ஆழமாக, வேகமாக, யாரோ உள்ளிருந்து துருத்தி ஊதுவதுபோல வந்துகொண்டிருந்தது. அறை முழுக்க அந்தப் பழ வாசனை. காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ கண் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மதுரைக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது. அதில் உன் அம்மாவுக்கும் மாமாவுக்கும்தான் இடம் இருந்தது. நான் ரோட்டில் நின்றேன். அந்த வண்டி நம் ஊர் வழியாகத்தான் போயிருக்கும், நாம் தினமும் இறங்குகிற பஸ் ஸ்டாண்டைத் தாண்டி.

சனிக்கிழமை மதியம் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பதினாறு முடிந்து ஒரு வாரம் கழித்து உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உன்னுடைய இரண்டு சேலைகளை எனக்கென்று மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டார்கள்:

"ஒங்களுக்குள்ள என்னமும் சண்டையா தாயி? அந்த மூணு நாளும் படுக்கையில கெடந்து அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. 'அவ நம்ப மாட்டேங்காம்மா, நான் திங்கலம்மா'ன்னு. யாரச் சொல்லுதான்னு எனக்கு வெளங்கல. காய்ச்சல்ல ஒளறுதான்னு இருந்துட்டேன். நீயா இருக்குமோன்னு கேக்கேன்."

அத்தையின் கண்ணில் குற்றம் சாட்டுகிற எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் அவர்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தது.

"இல்ல அத்தை. எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல" என்றேன்.

"அதான, நீங்க ரெண்டு பேரும் எங்க சண்டை போடப்போறீங்க" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு என் கல்யாணத்துக்கு வந்தார்கள், என் மகளுக்குக் காது குத்தும்போது வந்தார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர்கள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கொஞ்சுவார்கள், வாய் வராது. அத்தை போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிவிட்டது.

நீ அன்று ஒரு துண்டு இனிப்பும் தின்னவில்லை. அதை நான் நம்புகிறேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மூன்று சாயங்காலங்கள் இருந்தன, நடக்கிற தூரத்தில். உன் அம்மாவிடம் சொல்ல வருஷக்கணக்காக நேரம் இருந்தது. நீ என் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தைக் கடைசி மூச்சுவரை காப்பாற்றினாய். நம் இரண்டு பேரில் பொய் சொன்னவள் நான்தான்.