என் கை போட்ட முடிச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டு, விடும்மா என்று சமாதானம் சொல்லிவிடுவாய், அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நான் மூன்று வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன், வலைக்கூடத்துக்குப் போவதில்லை. இனிமேல்தான் விஷயம், கோபப்படாமல் கடைசிவரை படி.

இழுவலைக்கு நடுவில் கம்பித் தடுப்பும் அதற்கு மேலே ஒரு திறப்பும் தைக்கிறோமே, உனக்குத் தெரியும். மீன் கம்பிகளுக்கு ஊடே போய்விடும், ஆமை முட்டிக்கொண்டு திறப்பு வழியாக வெளியேறிவிடும். அது இல்லாமல் படகு கிளம்பக்கூடாது என்று சட்டம் வந்தபோது, அதை முதலில் தைக்கக் கற்றுக்கொண்டவள் உன் அம்மா. பேப்பரில்கூடப் படம் வந்தது, நீ அதைப் பெரிதாக்கி உன் அறையில் மாட்டியிருக்கிறாய், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாய். அந்தக் கையால்தான் போன மாதம் உன் மாமா படகின் வலையில் அந்தத் திறப்பை மூடிக் கட்டினேன். மீனெல்லாம் அது வழியாகப் போய்விடுகிறது, ஒரே ஒரு தடவை அக்கா, கரைக்கு வரும்போது இழுத்தால் அவிழ்கிற மாதிரி லேசாகக் கட்டிக்கொடு என்று வந்து நின்றான். கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் கையை விடுமா, லேசாகக் கட்டத் தெரியாமல் வழக்கம்போல் இரட்டையாகச் சுற்றி இறுக்கிவிட்டேன். திரும்பி வரும்போது ஆள் மாற்றி ஆள் இழுத்தும் அது அவிழவில்லையாம். அப்படியே துறைமுகத்துக்கு வந்து மீன்வளத்துறை அதிகாரியிடம் மாட்டிக்கொண்டார்கள்.

வலையைக் கொட்டியபோது நானும் அங்கேதான் நின்றேன். மீனுக்கு அடியில் ஒரு ஆமை செத்துக் கிடந்தது. நம்மைப் போல மூச்சுக்கு மேலே வரவேண்டிய ஜீவன், மூடிய திறப்பில் முட்டி முட்டித் தலையில் தோல் வழன்றிருந்தது. யார் கட்டியது என்று அதிகாரி கேட்டார். அந்த வலையின் கிழிசலை முந்தின நாள் பொத்திக்கொடுத்ததாகப் பதிவேட்டில் இருந்தது கண்ணாடி அத்தையின் பெயர். தடித்த கண்ணாடியைப் பார்த்துச் சின்ன வயதில் நீ பெயர் வைத்தாயே, என்னோடு வலை தைக்கிற அந்த அத்தைதான். மாமா பட்டென்று, அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, தெரியாமல் சேர்த்துத் தைத்திருப்பாள் என்றான். அதிகாரி என்னைப் பார்த்தார், அப்படியா என்று. நான் தலையாட்டினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நான் தலையாட்டினேன். படகை ஒரு மாதம் கட்டிப்போட்டார்கள். கண் தெரியாதவளுக்கு ஊசி எதற்கு என்று அத்தையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் பத்து நாள் ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குப் போய்வந்தேன். பதினோராம் நாள் அவள் வந்தாள். கண் பரிசோதனை செய்த சீட்டை மேற்பார்வையாளரிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, கட்டியது நான்தான் என்றேன். நம்பாமல் அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் வெட்டி வைத்திருந்த முடிச்சை மேஜையில் போட்டு, இதே மாதிரி கட்டிக்காட்டுங்கள் என்றார். எல்லோரும் பார்க்கக் கட்டிக்காட்டினேன். அச்சு அசல் அதே முடிச்சு. மூன்று மாதம் கூடத்தில் கால் வைக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு, அது நியாயம்தான்.

வெளியே வந்து அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கையை உருவிக்கொண்டு சொன்னாள்: "உன் முடிச்ச நான் தடவிப் பாத்தே சொல்லுவேன், அதுக்குக் கண்ணு எதுக்கு? அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்." வேலைக்கு மறுபடி போகிறாள். தெருவில் பார்த்தால் ஒதுங்கி நடக்கிறாள். மாமாவும் குடும்ப மானம் போச்சு என்று பேச்சை நிறுத்திவிட்டான், நீ அவனைப் போனில் பிடித்துத் திட்டாதே. அவன் கேட்டான், செய்தது நான்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், யாருக்கு முன்னாலும் தலைகுனியும்படி வாழாமல் இருக்கவேண்டும். அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறக்காமல் ஒன்று செய். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடு. அதில் என் பக்கத்தில் ஒரு கை மட்டும் கம்பித் தடுப்பைத் தாங்கிப் பிடித்திருக்கும், கண்ணாடி அத்தையின் கை. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று மற்றதை நீதான் வெட்டினாய், நானும் சரி என்றேன். முழுப் படம் உன்னிடம் இருந்தால் ஒன்று அனுப்பு, அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், வாங்கிக்கொள்வாளா தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா