சனிக்கிழமைகளில் வருகிற அப்பாவுக்கு

என் பிரியமான அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் அந்தச் சேதி நான் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் வடக்கே பஸ்தர் காட்டுக்குள் மிஷன் பணித்தளத்தில் இருந்தபோது நீங்கள் போனீர்கள். ஆற்றில் வெள்ளம், போனில் சிக்னல் இல்லை. சேதி எங்களிடம் வந்து சேர்வதற்குள் உங்களை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். நான் முகம் பார்க்கவில்லை. இப்போது மிஷனில் எங்களுக்கு ஒரு வருடம் ஊரில் இருக்க விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். கச்சிராயபாளையத்தில் பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டில்தான் நானும் உங்கள் மருமகன் தானியேலும் பேத்தி ரூத்தும் இருக்கிறோம்.

வந்து இறங்கிய மறுநாள் காலை எதிர்வீட்டு வள்ளியக்கா பால் கொண்டுவந்தார். நான் சொல்லியனுப்பவே இல்லை. சொம்பு நிறைய ஊற்றினார்.

“இன்னாக்கா, இவ்ளோ பால்?”

“உங்கப்பாரு சொன்னாரும்மா. எஸ்தரு வருது, பால் ஜாஸ்தியா ஊத்துன்னு. போன வாரம் இங்கதான் நின்னுகினு...”

பாதியிலேயே நிறுத்திவிட்டார். உங்கள் சவப்பெட்டியின்மேல் மாலை போட்டவர் அவர். வாயைப் பொத்திக்கொண்டு, “கெனாவா இருக்கும்மா” என்றார். அன்றிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். உள்ளே வருவதை விட்டுவிட்டார்.

விடுப்பு என்று பேர்தான். ஞாயிறுதோறும் ஒரு சபை. தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். தானியேல் படம் காட்டிப் பேசி முடித்ததும் ரூத்தை மேடையில் ஏற்றி, அந்தக் காட்டு மக்களின் கோண்டி மொழியில் பாடச் சொல்வார்கள். பிறகு சுற்றி நின்றுகொண்டு, “அங்க சோறு கெடைக்குமா பாப்பா? புலி வருமா?” என்று கேட்பார்கள். பத்து வயதுப் பெண், என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஒருநாள் பஸ்ஸில், “வீட்டுக்குப் போகலாம்மா” என்றாள்.

“வூட்டுக்குத்தானே போய்க்கினு இருக்கோம்.”

“இது இல்ல. நம்ம வீட்டுக்கு.”

தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டுக்குத் திரும்பும்போது ரூத் எங்களோடு வருவாளா என்பது நாங்கள் இருவரும் பேசாமல் தள்ளிப்போட்டுவந்த விஷயம். பணித்தளத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. நாங்கள் திரும்பும்போது ரூத்தைக் கள்ளக்குறிச்சியில் ஒரு விடுதியில் விட்டுவிடும்படி மிஷன் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மிஷனெரி குடும்பங்கள் பலவும் செய்கிற காரியம்தான். நீங்களும் செய்ததுதான்.

அம்மா இறந்தபின் என்னை விடுதியில் விட்டுவிட்டு மலைக்கு ஊழியம் செய்யப் போனீர்கள். “சனிக்கெழம வந்து கூட்டிக்கினு போறேன் எஸ்தரு” என்பீர்கள். மலையில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குப் பிரசவம். நடந்தே ஏறி நடந்தே இறங்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போனபின்பும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் வந்த சனிக்கிழமைகளும் உண்டு. வராதவைதான் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை அப்பா. வர முடியாமல் போன அந்தக் குறை உங்களுக்குள்ளும் இருந்ததா என்று கேட்கத்தான்.

இந்த ஒரு வருடத்துக்கு ரூத்தைக் கள்ளக்குறிச்சியில் பள்ளியில் சேர்த்தோம். டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். சனிக்கிழமை அரை நாள். நல்ல உச்சி வெயிலில் இறங்கி, கரும்புக் கொல்லை ஓரமாக நடந்து வருவாள். ஒரு சனிக்கிழமை வாசலில் நின்று பார்த்தேன். அவளுடைய இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் உயர்ந்திருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன. பெரியவர் ஒருவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தை அப்படித்தான் வரும். பக்கத்தில் யாரும் இல்லை. கரும்புத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. வாசலுக்கு வந்ததும் கை கீழே இறங்கியது.

“யார்கூட நடந்துகினு வந்த?”

“தாத்தாகூட. பஸ் ஸ்டாப்ல நிப்பார். ‘வந்துட்டேன் பாத்தியா’ன்னு சொல்வார். வேற ஒண்ணும் பேசமாட்டார்.”

“தாத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். ஆனா முடி கறுப்பா இருக்கும்மா. ஒரு செருப்புல வார் அறுந்து சணல் கட்டியிருக்கார்.”

நான் விடுதியில் இருந்த காலத்தில் நீங்கள் போட்டிருந்த செருப்பு அது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

தானியேலிடம் சொன்னேன். “மரிச்சவங்க கர்த்தருக்குள்ள இளைப்பாறுறாங்க எஸ்தர். இது வேற ஏதோ” என்றார். அறை அறையாக நின்று ஜெபம் பண்ணினார். என் வாயிலிருந்து ஆமென் வரவில்லை.

உங்கள் மலைச் சிநேகிதர் சின்னத்தம்பிக்கு நீங்கள் இறந்ததை யாரும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டு, வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் போய், அங்கிருந்து அவர் ஊருக்கு நடந்தோம். சாமைக் கஞ்சி கொடுத்துவிட்டு, “ஐயா வரலியா?” என்று கேட்டார்.

“அப்பா எறந்துட்டாருங்க. ரெண்டு வருஷம் ஆவப்போவுது.”

அவர் சிரித்தார். “இன்னாம்மா சொல்ற? போன மாசம் இங்கதான குந்திகினு கஞ்சி குடிச்சாரு. ஆளு எளசாத்தான் தெரிஞ்சாரு. தங்கிட்டுப் போங்கன்னேன். கேக்கல. நாளைக்கி சனிக்கெழம, எஸ்தரு கேட்டாண்ட நிக்கும்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு.”

தானியேல் கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. ரூத் என்று கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. ஒரு காலையில் வள்ளியக்கா வாசலில் நின்று, “எஸ்தரு!” என்று குரல் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ரூத், “தோ வந்துகினே இருக்கேன்!” என்றாள். காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது. அது என் பேச்சு. சின்ன வயதில் இருந்த என் குரல்.

“தாத்தா உன்னை இன்னான்னு கூப்புடறாரு?” என்று கேட்டேன்.

“எஸ்தருன்னு.”

அடுத்த சனிக்கிழமை நானே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ் வந்தது, ரூத் இறங்கினாள். என்னைப் பார்த்தும் பார்க்காதவள்போல எனக்குப் பக்கத்தில் வெறும் இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள். விரல்கள் மடங்கின. நான் அந்தக் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் அது கிணற்றுத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

டீக்கடையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

“அப்பா, எஸ்தரு நான்தான். நல்லா பாருங்க. நான் வளந்துட்டேன், வூட்டுக்கு வந்துட்டேன். இவ ரூத்து. எம் பொண்ணு. இவளை நான் கூட்டிக்கினு போறேன். வுட்டுடுங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அந்தப் பக்கம் யாரோ மெதுவாகத் தன் விரலை உருவிக்கொண்டதுபோல. மண் ரோட்டில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. மலைப் பக்கமாகப் போய்க் கரைந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாமோ?

“அம்மா, ஏன் அழற?” என்றாள் ரூத். தன் சொந்தக் குரலில்.

அன்றைக்குச் சாயங்காலமே தானியேலிடம் சொல்லிவிட்டேன், விடுதி வேண்டாம் என்று. “அப்போ ஊழியம்?” என்றார். “புள்ளையும் நம்மகூட இருக்கட்டும், ஊழியமும் இருக்கட்டும். ரெண்டும் ஆவுற எடமா கேளுங்க” என்றேன். அவர் மிஷன் அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். பள்ளிக்கூடம் இருக்கிற ஒரு டவுனுக்கு எங்களை மாற்றியிருக்கிறார்கள். பின்வாங்கிவிட்டோம் என்று சபைகளில் சிலர் பேசுகிறார்களாம். பேசட்டும்.

அடுத்த வாரம் கிளம்புகிறோம். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. ரூத் உங்களைப் பற்றிக் கேட்பதும் இல்லை. செருப்பில் சணல் கட்டியிருந்தது யார் என்று நான் கேட்டால், என்னை விநோதமாகப் பார்க்கிறாள்.

நேற்று உங்கள் கல்லறையைப் பெருக்கிச் சுத்தம் பண்ணினேன். உங்கள் முகம் பார்க்காததற்கு அங்கே உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நாளும் மலைக்கும் ரோட்டுக்குமாக என்னைத் தேடித்தான் நடந்தீர்களா? அந்த மதியம் நான் பேசியது உங்களுக்குக் கேட்டதா, இல்லை பயந்து போய்விட்டீர்களா?

ரூத் எங்களோடுதான் வளர்வாள் அப்பா. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. இனி கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நீங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்ட,
உங்கள் மகள் எஸ்தர்